மூக்கில் கசியும் பேச்சு

பிளவுபட்ட அண்ணத்தைத் தைத்துவிட்டால் பேச்சு சரியாகிவிடும் என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மை. ஆனால் பல மையங்களின் கணக்கில் 20 முதல் 30 சதவீதக் குழந்தைகளுக்கு, தையல் நன்றாக ஆறிய பிறகும் பேச்சு மூக்கு வழியே போகிறது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியாது. குறை அசைவில் இருக்கிறது. நாம் பேசும்போது மென்னண்ணம் மேலெழுந்து பின்தொண்டைச் சுவரில் படுகிறது. பக்கச் சுவர்களும் நெருங்கி வந்து மூக்குப் பாதையை அடைக்கின்றன. இந்த அடைப்பு முழுமை பெறாவிட்டால் வல்லினத்துக்கு வேண்டிய காற்றழுத்தம் வாயில் சேராது. ஒவ்வொரு வல்லினமும் தன் இன மெல்லினத்தை நோக்கிச் சரியும். 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' போலக் கேட்கும்.

காரணத்தைப் பிரித்தறிவதில்தான் சிகிச்சையின் பாதி வெற்றி இருக்கிறது. பிழைகள் அதிகம் நடப்பதும் அங்கேதான். அண்ணம் குட்டையாக இருப்பது ஒரு வகை. நீளம் போதுமானதாக இருந்தும் நரம்புக் கோளாறால் அது எழாமலிருப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகையில் உறுப்பும் நரம்பும் நலமாகவே இருக்கும். குழந்தை 'ஸ' போன்ற ஓரிரு ஒலிகளை மட்டும் மூக்கால் சொல்லப் பழகியிருக்கும். இந்த மூன்றாவது வகைக்குக் கத்தி எடுப்பது தவறு. பேச்சுப் பயிற்சியே போதும்.

வெளியே தெரியாத பிளவும் உண்டு. மேல்தோல் மூடியிருக்க, அடியில் தசை மட்டும் பிரிந்திருக்கும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது, நடுக்கோட்டில் அண்ணம் வெளிறித் தெரிவது, வல்லண்ணத்தின் பின்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் என்று மூன்று அடையாளங்களை 1954-இல் கால்னன் விவரித்தார். இவற்றைக் கவனிக்காமல் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டுச் சதையை முழுதாக எடுத்துவிட்டால், அதுவரை அந்தச் சதையில் முட்டி அடைத்துக்கொண்டிருந்த அண்ணத்துக்குப் பிடிமானம் போய்விடும். அடினாய்டு அறுவைக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கைப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

கண்டறிதலில் முதற்கருவி பழகிய காது. மூக்கொலியை எண்ணாக்கித் தரும் நேசோமீட்டர் அந்தக் காதுக்குத் துணைச்சாட்சி. இடைவெளி எங்கே, எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதைக் காட்டுபவை இரண்டு: மூக்கு வழியே நுழைத்து, பேசும்போதே இந்த அடைப்பைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும், அசையும் எக்ஸ்ரே படமும். முன்னதற்கு நான்கைந்து வயதுக் குழந்தையின் ஒத்துழைப்பு வேண்டும், பின்னதில் கதிர்வீச்சு உண்டு என்பது நியாயமான தயக்கம். ஆனாலும் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் தொண்டையில் அறுவை செய்வதை நான் ஏற்கமாட்டேன். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கழுத்துத் தமனி நடுவே விலகி, வெட்டும் இடத்துக்கு அருகிலேயே ஓடக்கூடும். அங்கே பார்க்காமல் வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

எந்த அறுவை சிறந்தது என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. பின்தொண்டைச் சுவரிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அண்ணத்தோடு இணைக்கும் முறையை 1875-இல் ஷோன்பார்ன் செய்தார். பக்கத் தசைகளைத் திருப்பி வாயிலைச் சுருக்கும் முறை ஹைன்ஸ், ஓர்ட்டிகோச்சியா வழியாக 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 97 நோயாளிகளை இவ்விரண்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்த பன்னாட்டு ஆய்வு 2005-இல் வெளியானது. மூன்றாம் மாதத்தில் பட்டை முறை முந்தியது. ஓராண்டில் வித்தியாசம் மறைந்துவிட்டது. இதை வைத்து இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டுவது அவசரம். இவ்வளவு சிறிய ஆய்வு நுட்பமான வேறுபாடுகளைக் காட்டாது. பக்கச் சுவர்கள் நன்றாக அசையும் குழந்தைக்கும் அசையாத குழந்தைக்கும் ஒரே விடை பொருந்துமா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. இடைவெளியின் வடிவத்துக்கேற்ப முறையைத் தேர்வது உடற்கூற்றுத் தர்க்கத்தால் நிற்பது. பெரிய ஒப்பீடுகள் அதற்கு இன்னும் போதவில்லை. இருந்தும் எனக்கு ஒரு வரிசையில் உறுதி உண்டு. முதல் அறுவையில் தசை சரியான திசைக்குத் திருப்பப்படாமல், இடைவெளியும் சிறிதாக இருந்தால், தசையைத் திருப்பி அமைக்கும் ஃபர்லோ முறையிலோ சோமர்லாட் முறையிலோ அண்ணத்தை மீண்டும் சீரமைப்பதே முதலில். அது மூச்சுப்பாதையை அதிகம் குறுக்காது. போதாவிட்டால் பிறகு பட்டை முறைக்கும் போகலாம். பட்டை முறையில் தொடங்கினால் குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் வரக்கூடும். அளவு மீறி அடைத்தால் 'அம்மா' என்பது 'அப்பா' பக்கம் சாயும்.

பலூன் ஊதுவது, மெழுகுவர்த்தி அணைப்பது, உறிஞ்சுகுழலில் இழுப்பது ஆகிய பயிற்சிகளை முற்றாகக் கைவிடவேண்டும். ஊதும்போது அண்ணம் மூடுவதும் பேசும்போது மூடுவதும் வெவ்வேறு இயக்கங்கள். குட்டையான அண்ணத்தை எந்தப் பயிற்சியும் நீளமாக்காது. இதில் வீணாவது குழந்தையின் பேச்சு வயது. அதே சமயம் அறுவையும் தனியாக நின்று எல்லாவற்றையும் தராது. காற்று கசிவதால் குழந்தை ஒலிகளைக் குரல்வளையிலேயே வெட்டி உண்டாக்கப் பழகியிருந்தால், மூக்குப் பாதை அடைபட்ட பிறகும் அந்தப் பழக்கம் நிற்கும். அதை மாற்றப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். தமிழ்நாட்டில் அறுவை மேசை கிடைத்துவிடுகிறது. வாராவாரம் நகரத்துக்கு வந்துபோகப் பேருந்துக் காசும் விடுப்பும் கிடைப்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து இந்தத் தூரத்தைக் குறைத்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் முயற்சியை, புதிய அறுவை நுட்பம் எதற்கும் குறையாத சாதனையாக மதிக்கிறேன்.

ஆனால் இருப்பவற்றுள் வலுவான சான்று இந்தக் குறையைத் தடுப்பதைப் பற்றியது. 2023-இல் வெளியான டாப்ஸ் ஆய்வு, அண்ணப் பிளவு மட்டுமே உள்ள 558 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் செய்த முதல் அறுவையை ஒப்பிட்டது. ஐந்து வயதில் முன் குழுவில் 8.9 சதவீதத்தினருக்கும் பின் குழுவில் 15 சதவீதத்தினருக்கும் இந்தக் குறை இருந்தது. பயிற்சி பெற்ற அறுவையர்களும் பச்சிளங்குழந்தைக்கு மயக்கம் தரும் வசதியும் இருந்த இடங்களில் கிடைத்த முடிவு இது. அவை இல்லாத மருத்துவமனை ஆறாம் மாதத்துக்கு அவசரப்படக்கூடாது. அவை இருக்கும் இடங்களில் காத்திருக்கக் காரணம் இல்லை. அண்ண அறுவைக்கு நிதி தரும் திட்டங்களும் செய்த அறுவைகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஐந்து வயதில் ஒவ்வொரு குழந்தையின் பேச்சையும் பதிவுசெய்து, அதைத் தம் கணக்கில் வெளியிட வேண்டும்.