எதை அணைக்கிறது இந்த டிஎன்ஏ?

கிருமி நுழைந்ததும் உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிக் கொதித்து, காக்க வேண்டிய உறுப்புகளையே சிதைக்கிறது. செப்சிஸ் என்பது இதுதான். 2017இல் உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி பேரின் சாவில் இதற்குப் பங்கிருந்தது என்கிறது 2020இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கு. ஆய்வகத்தில் கோத்த ஒரு சிறு டிஎன்ஏ துண்டால் இந்தக் கொதிப்பைத் தணித்துவிடலாம் என்ற யோசனை இருபது ஆண்டுகளாக உலவுகிறது. யோசனை அழகானது. ஆனால் பினாங்கிலிருந்து பார்ப்பவருக்கு அதில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் டிஎன்ஏவை நம் செல்கள் எப்படி அந்நியமென்று அறிகின்றன? மெத்தில் ஒட்டாத சிபிஜி இணைகளைக் கொண்டு என்று 1995இல் ஆர்தர் கிரீக் குழு காட்டியது. அதை உணரும் டிஎல்ஆர்9 ஏற்பியை 2000இல் ஷிசுவோ அகிராவின் ஆய்வகம் கண்டறிந்தது. இதற்கு நேர்மாறான குறிப்பு நம்மிடமே இருக்கிறது. குரோமோசோம் நுனிகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. அது எதிர்ப்பாற்றலை அடக்குகிறது என்று 2003இல் டென்னிஸ் கிளின்மன் குழு எழுதியது. அந்த ஆறெழுத்தை நான்கு முறை அடுக்கிய 24 எழுத்துத் துண்டுக்கு ஏ151 என்று பெயர். பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சினால் சாக வேண்டிய எலிகளை இத்தகைய துண்டுகள் பிழைக்க வைத்ததாக 2005இல் அதே குழு அறிவித்தது. ஸ்டாட்1, ஸ்டாட்4 என்ற சமிக்ஞைப் புரதங்களைத் தடுத்து, காமா இன்டர்ஃபெரானைக் குறைப்பதே வழி.

உடலின் சொந்தக் கடிவாளத்தையே மருந்தாக்குவது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, செய்வதும் எளிது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிபிஜி வகைத் துண்டு ஏற்கனவே மனிதர்களின் கைகளில் ஏறிவிட்டது. ஐதராபாத்தில் தயாரான கோர்பிவேக்ஸ் கோவிட் தடுப்பூசியில் அது சேர்க்கப்பட்டிருந்தது.

இனி ஓட்டை. வட மலேசியாவில், குறிப்பாகப் பக்கத்துக் கெடாவின் வயல் மண்ணில், மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பாக்டீரியா வாழ்கிறது. இந்த நோயை முதலில் விவரித்தவர்கள், ரங்கூன் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்த ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும், ஆண்டு 1912. இனிப்பு நீர் உள்ளவர்களை இந்த நோய் தேடிப் பிடிக்கிறது. 2019 தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் ஊர் செப்சிஸைப் பற்றிப் பேசுகிறவர் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பேச முடியாது.

இந்தப் பாக்டீரியா செல்லுக்குள்ளேயே ஒளிந்து பெருகுகிறது. அதை அடக்க உடலுக்குக் காமா இன்டர்ஃபெரான் வேண்டும். அந்த இன்டர்ஃபெரான் தடுக்கப்பட்ட எலிகள் கிருமி தொற்றியதும் விரைவில் மடிந்தன. ஏ151 வகைத் துண்டு குறைப்பது அந்த இன்டர்ஃபெரானைத்தான். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2004இல் இதற்கு எதிர்த்திசையில் சென்றார்கள்: எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிபிஜி துண்டை முன்கூட்டியே கொடுத்து, உயிருள்ள மெலியோய்டோசிஸ் கிருமியிடமிருந்து எலிகளைக் காத்தார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு துண்டுகள்: ஒன்று அணைத்துக் காக்கிறது, மற்றது மூட்டிக் காக்கிறது. 2005 சோதனையில் எலிக்குள் போனது வெறும் நச்சு. அங்கே கொல்லப்பட வேண்டிய கிருமியே இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘செப்சிஸுக்கு மருந்து’ என்று எழுதுவது மிகைப்படுத்தல்.

மேலும், எண்டோடாக்சினை எலி மனிதரைவிடப் பல மடங்கு தாங்கும். எண்டோடாக்சின் ஏற்பியை மறித்த எரிட்டோரான் என்ற மருந்து, ஏறத்தாழ 2,000 செப்சிஸ் நோயாளிகளில் சோதிக்கப்பட்டுத் தோற்றதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. 2001இல் ஒப்புதல் பெற்ற செப்சிஸ் மருந்தான சைக்ரிஸ் பத்தாண்டு கழித்துச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டிஎன்ஏ துண்டுகளுக்குத் தனியாக இன்னொரு தொல்லை உண்டு: ரத்தத்தில் சிதையாமலிருக்க அவற்றின் முதுகெலும்பில் கந்தகம் சேர்க்கிறார்கள். அந்த வகை மருந்துகள் சிலவற்றில் தட்டணுக்கள் குறைந்தன, ரத்தம் உறையும் நேரமும் நீண்டது. செப்சிஸ் நோயாளிகள் பலருக்குத் தட்டணு முன்பே சரிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லி ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. செப்சிஸில் சிலருக்குக் கொதிப்பு உச்சத்தில் இருக்கும். வேறு சிலருக்கு எதிர்ப்பாற்றல் களைத்துக் கிடக்கும். அந்த இருவரையும் படுக்கையருகிலேயே பிரித்துக் காட்டும் ரத்தச் சோதனை கூடவே வராதவரை இந்தத் துண்டை யாருக்கும் செலுத்தக் கூடாது என்பது என் கட்சி. அதற்கு முன்னால் எலிச் சோதனையும் மாற வேண்டும்: இனிப்பு நீர் உள்ள எலி, உயிருள்ள கிருமி, முதலில் செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, துண்டு அதற்குப் பிறகு. செஃப்டாசிடிமை முதலில் வைக்கக் காரணம் உண்டு. 1989இல் தாய்லாந்தின் உபோன் ராச்சத்தானியில் நடந்த சோதனையில், கடும் மெலியோய்டோசிஸ் இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37க்கு அந்த ஒரு மருந்தே இறக்கியது. டிஎன்ஏ துண்டு எதுவும் மனிதரிடம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.