எரிவதற்கென்று எழும் கோயில்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், காரத்தன்மை கொண்ட வெண்புழுதி படிந்த வறண்ட ஏரிப்படுகையான பிளாக் ராக் பாலைவனத்தில், கோடை முடிவில் கூடும் ‘பர்னிங் மேன்’ விழாவில் வெறும் பார்வையாளர் என்றொரு வகுப்பு கிடையாது. வருபவர் ஒவ்வொருவரும் எதையேனும் செய்தோ கொடுத்தோ பங்கேற்பதே அதன் மரபு. 1986-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்சும் எரித்த மர உருவத்தில் தொடங்கி, 1990-இல் பாலைவனத்துக்கு இடம்பெயர்ந்த இவ்விழா அம்மர மனிதனின் பெயரையே தாங்கியிருப்பினும், கலைநயத்தில் அதனை விஞ்சி நிற்பது ‘டெம்பிள்’ எனப்படும் மரக்கோயிலே எனலாம்.

2000-இல் சிற்பி டேவிட் பெஸ்ட் தொடங்கிவைத்த இவ்வரிசைக் கோயில்களில் தெய்வமும் இல்லை, பூசையும் இல்லை. பொம்மை டைனோசர்களுக்கான துண்டுகளை வெட்டியெடுத்தபின் எஞ்சிய ஒட்டுப்பலகைகளே தொடக்கக்காலக் கோயில்கள் சிலவற்றுக்குச் சுவராயின. கழிவின் ஓட்டைகளே பலகணியாகி வெயிலைச் சலித்து உள்ளே இறக்கின. அச்சுவர்களில் மக்கள் இறந்தோரின் பெயர்களை எழுதுகின்றனர். படங்களையும் கடிதங்களையும் செருகிவைக்கின்றனர். தச்சரின் நுணுக்கம் முழுமை பெறுவதே இக்கிறுக்கல்களால்தான். விழாவின் கடைசி ஞாயிறு இரவில், முந்தைய நாள் மர மனிதன் எரிந்தபோது எழுந்த ஆரவாரம் ஏதுமின்றிக் கூட்டம் புழுதியில் அமர்ந்து பேச்சற்றுப் பார்த்திருக்க, எழுதப்பட்ட அத்தனையும் கோயிலோடு எரிகின்றன.