படத்தின் வயதும் உடையின் வயதும்
தமிழ் முஸ்லிம் உடை வரலாற்றின் படச் சான்றுகள் குறித்து ஒரு மதிப்பீடு

உடையின் வரலாறு எழுத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. தமிழ் முஸ்லிம்களைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. நம் புலவர்கள் பாடிவைத்த ஆடை அணிகள் காப்பிய மரபுக்கு உரியவை. அவற்றைக் கொண்டு ஒரு மரைக்காயரோ லெப்பையோ ராவுத்தரோ கடைத்தெருவில் எவ்வாறு நடமாடினார் என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே, ஐரோப்பியர் வரைந்தவையும் வரைவித்தவையுமான படங்களையே நாட வேண்டியுள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்பு இவற்றைக் காண லண்டனுக்கோ பாரிசுக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாழும் ஒரு மாணவர் இவற்றுள் பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட முடியும். இது பெரும் பேறே. எனினும் படம் கிடைப்பது வேறு, சான்று கிடைப்பது வேறு.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'நம் முன்னோர் அணிந்த உடை இதுவே' என்னும் குறிப்புடன் பழைய படங்கள் கைக்குக் கை மாறுகின்றன. தமிழ் முஸ்லிம்களின் உடை முழுவதும் வெளியிலிருந்து வந்தது என்பார்க்கும் இவையே ஆதாரம். அது நூற்றாண்டுகளாக மாறாமல் இருந்தது என்பார்க்கும் இவையே ஆதாரம். ஆண்டு தெரியாத படத்தை எந்தக் கட்சியும் தனக்குச் சாட்சியாக்கிக்கொள்ளலாம். ஒரு சமூகத்தின் கடந்த காலம் இவ்வாறு எளிதில் திரிபடைகிறது.

இணைய ஆவணகத்தில் ஒரு படத்தின் கீழ் காணப்படும் ஆண்டு எதனுடைய ஆண்டு என்பதே முதற்கேள்வி. கண்ட ஆண்டு, வரைந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என மூன்று உண்டு. பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னெரா சோழமண்டலக் கரையின் மக்களையும் தொழில்களையும் காட்டும் செப்புத்தகட்டுப் படங்களுடன் தம் பயண நூலை 1782இல் பாரிசில் வெளியிட்டார். ஆவணகம் குறிப்பது அந்த ஆண்டையே. நூலின் முகப்போ அப்பயணம் 1774 முதல் 1781 வரை நிகழ்ந்தது என்கிறது. மேலும், அவர் கண்டதைப் பாரிசில் தகட்டில் பொறித்தவர் இந்தியாவைக் காணாத செதுக்குக் கலைஞர். துணியின் மடிப்பும் உடலின் நிலையும் சோழமண்டலத்தவையா பாரிசுப் பட்டறையின் பழக்கமா என்பதை ஒவ்வொரு படத்திலும் கேட்டாக வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலுக்கும் இது பொருந்தும். அவர் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். அந்நூலின் ஒளிப்படங்களுக்கு 1909 அச்சேறிய ஆண்டு மட்டுமே.

அடுத்தது நகலெடுப்பு. லின்ஸ்கோட்டன் 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர். 1596இல் வெளியான அவருடைய நூலின் உருவப்படங்களைப் பின்வந்த பதிப்பாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டனர். நூறாண்டு பிந்திய நூலில் அதே உருவம் நிற்கக் கண்டு, உடை நூறாண்டாக மாறவில்லை என்று கொள்வது பெரும்பிழை. மாறாதது உடையன்று, தகடே. ஆண்ட்வெர்ப்பைச் சேர்ந்த பால்தசார் சால்வின்ஸ் கல்கத்தாவில் 1799இல் நிறைவுசெய்த 250 படங்களிலிருந்து 60 படங்களை லண்டன் பதிப்பாளர் எட்வர்ட் ஓர்ம் அவருடைய இசைவின்றி வெளியிட்டார். 1735ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின்படி உரிமையாளர் பெயரும் வெளியீட்டு நாளும் தகட்டின் அடியில் இருக்க வேண்டும். ஆகவே ஓர்மின் தகடுகளில் 1804, 1805 என்னும் ஆண்டுகள் காணப்படுகின்றன. சட்டம் அளித்த அந்நாள் அச்சுக்குரியது, கல்கத்தாத் தெருவுக்குரியதன்று. அப்படங்கள் வங்காளத்தவை. தமிழகத்து உடைக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது இரட்டைப் பிழை.

தமிழகத்துக்கே உரியவை தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் கம்பெனியாருக்காக வரைந்த தொகுதிகள். பிரிட்டிஷ் நூலகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இத்தகையவற்றைப் பாதுகாக்கின்றன. ஒவ்வொரு குலத்துக்கும் தொழிலுக்கும் கணவன் மனைவி என ஓர் இணை நிற்பது இவற்றின் பொதுவான அமைப்பு. இவ்வமைப்பே விமர்சகரை எச்சரிக்க வேண்டும். ஆண்களை ஓவியர் சந்தையில் கண்டிருக்கலாம். இல்லத்துப் பெண்களை அவர் கண்டாரா? இணை வேண்டும் என்ற வாங்குவோர் விருப்பத்துக்காக, அண்டைக் குலத்துப் பெண்ணின் சேலையையே நிறம் மாற்றி வரைந்திருக்க இடமுண்டு. மைக்கா என்று வழங்கும் அபிரகத் தகட்டில் வரைந்த தொகுதிகள் சிலவற்றில் முகம் ஒன்றாகவும், அதன்மேல் வைத்துப் பார்க்கும் உடைகள் பலவாகவும் இருந்தன. முகத்தினின்று உடையைப் பிரித்து விற்ற இவ்விளையாட்டு, அக்கலையின் நோக்கத்தையே வெளிப்படுத்துகிறது. அது மனிதரை அன்று, வகையை வரைந்தது. ஆகவே முஸ்லிம் பெண்ணின் உடைக்கு இவ்வோவியங்களைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

இவற்றின் காலத்தைக் காண நல்ல வழி காகிதமே. 1794ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஆங்கிலேயக் காகித ஆலைகள் நீர்க்குறியோடு ஆண்டையும் பதிக்கத் தொடங்கின. காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது தெரியும். ஓவியம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. எவ்வளவு பிற்பட்டது என்பதை நீர்க்குறி சொல்வதில்லை. திரையில் தெரியும் படமோ நீர்க்குறியைப் பெரும்பாலும் காட்டுவதில்லை, தாளின் பின்புறத்தையும் மறைத்துவிடுகிறது. ஆவணகத்தின் விவரக்குறிப்பு அவற்றைச் சொல்கிறதா என்று தேடிப் படிப்பது ஆய்வாளரின் கடமை. அஞ்சலட்டைகளுக்கும் பின்புறமே முக்கியம். முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பகுத்து ஒருபாதியில் செய்தி எழுத பிரிட்டனில் 1902இல்தான் அனுமதி கிடைத்தது. அத்தகைய பிரிட்டிஷ் அட்டையை அதற்கு முந்தியது எனல் பொருந்தாது. அஞ்சல் முத்திரையோ பிந்திய எல்லையைத் தருகிறது. ஒளிப்படம் அதற்கும் பல ஆண்டுகள் முன்பு எடுக்கப்பட்டிருக்கலாம்.

உடையே காலம் சொல்லும் இடங்களும் உண்டு. குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பியை எடுத்துக்கொள்வோம். உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் அதனை அரசு அலுவலரின் உடையாக்கினார். இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய அது, 1919 முதல் 1924 வரையிலான கிலாபத் இயக்கக் காலத்தில் ஓர் அடையாளமாகவே ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டினது எனக் காட்டப்படும் படத்தில் அத்தொப்பி இருந்தால் அந்த ஆண்டு பொய். துருக்கியில் 1925இல் அது தடைசெய்யப்பட்டதைக் கொண்டு பின்னெல்லை வகுப்பதும் தவறு. இங்கே அது பின்னரும் அணியப்பட்டது. அவ்வாறே, 1937 லக்னோ மாநாட்டில் ஜின்னா அணிந்து வந்தபின் ஆட்டுத்தோலாலான காரகுல் தொப்பி முஸ்லிம் லீகினரிடையே பரவியது. கூட்டமாக அதனை அணிந்தோரின் ஒளிப்படம் அவ்வாண்டுக்குப் பிற்பட்டது என ஊகிக்கலாம். ஆயினும் சிவந்த தொப்பி எல்லாம் துருக்கித் தொப்பியன்று என்பதை மறக்கலாகாது.

தேடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆவணகங்கள் நம்மை நம் பெயரால் அறியா. லெப்பை என்பது லுப்பை, லப்பை, லெப்பே எனப் பல எழுத்துக் கூட்டல்களில் கிடக்கிறது. மூர், சூலியா, கிளிங் என்னும் பெயர்களின் கீழும் நம்மவர் மறைந்துள்ளனர். கிளிங் என்பது மலாய் நாட்டில் தென்னிந்தியர் அனைவரையும் குறித்த பெயராதலால், அதன்கீழ் உள்ள உருவம் முஸ்லிமுடையதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் ஒளிப்பட நிலையத்தின் படங்களைத் தேடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

படங்களை உரசிப் பார்க்க ஒரு கல்லும் இருக்கிறது. ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் 18 தொகுதிகளில் 700 இந்தியத் துணி மாதிரிகளைத் திரட்டினார். அவ்வாறு 20 பிரதிகள் உருவாக்கப்பட்டு, 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வழங்கப்பட்டன. அவை துணியின் ஓவியங்கள் அல்ல, துணியே. படத்தில் காணும் கரையும் கட்டமும் அக்காலத்தில் நெய்யப்பட்டனவா என்பதை இத்தகைய மாதிரிகளோடு ஒப்பிட்டு அறியலாம். அவ்வொப்பீட்டுக்கு நூலறிவு மட்டும் போதாது. ஒருகாலத்தில் மஸ்லினுக்கும் இன்று பட்டுக்கும் பெயர்பெற்ற ஆரணி இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் உள்ளது. கரை தறியில் நெய்யப்பட்டதா, பின்னர் அச்சிடப்பட்டதா என்பதில் அங்குள்ள முதிய நெசவாளரின் கண் ஆவணகக் குறிப்பைவிடக் கூர்மையானதாக இருக்கக்கூடும்.

ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு இங்கே நினைவுக்கு வருகிறது. செய்தி எவ்வளவு இனிமையாயினும், அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் அறிஞர்கள் அதனை ஏற்றதில்லை. படத்துக்கும் ஒரு தொடர் உண்டு: கண்டவர், வரைந்தவர், பொறித்தவர், அச்சிட்டவர், சேகரித்தவர், பெயரிட்டவர். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட்டே படத்தைப் பயன்படுத்த வேண்டும். சேர்ப்பு எண்ணையும் விவரக்குறிப்பையும் படத்தோடு எழுதிவைப்பது இதன் முதற்படி. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் நெடுநாள் முடங்கின. எண்ணின்றிப் படத்தை மட்டும் சேமித்தவரிடம் அப்போது எஞ்சியது பெயரில்லாத ஓர் உருவமே.

'1782இல் அச்சானது, 1774க்கும் 1781க்கும் இடையே காணப்பட்டது, பொறித்தவர் இந்தியாவைக் காணாதவர்' என்று எழுதுவது, 'நம் முன்னோர்' என்று எழுதுவதைப் போல மனத்தைத் தொடாது. ஆயினும் முன்னோருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதில்தான் இருக்கிறது. அவர்கள் அணியாத உடையை அவர்கள்மேல் போர்த்துவதும், அணிந்ததைக் களைவதும் ஒரே வகை அநீதி.