வில்லிசையிற் கட்டையின் இடம்

இசைக் கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு எனப் பகுத்தல் தமிழ் வழக்கு. கஞ்சம் என்பது வெண்கலம். ஆதலின், மரத்தோடு மரம் மோதித் தாளம் தரும் கட்டைக்கு இப்பகுப்பில் தனிப்பெயர் வாய்த்திலது. பெயரின்மை ஒரு குறையன்று. ஆயின், அதனாற் பயனையும் மறத்தல் பெருங் குறையாம்.

ஒரு கையில் அடங்கும் இருதுண்டுக் கருவி உலகெங்கும் உளது. பண்டை எகிப்தியர் நீர்யானைத் தந்தத்திற் கைவடிவாகச் செதுக்கினர்; அயர்லாந்தினர் மாட்டு விலாவெலும்பைக் கொண்டனர்; இராசத்தானத்தார் மரத்தாற் கர்த்தால் செய்தனர். நம்மிடத்து அரிகதைப் பாகவதர் கையிற் சிப்ளாக்கட்டையாகவும், வில்லிசையில் வெறுங்கட்டையாகவும் அது வழங்குகின்றது.

அச்சுவேலியில் வாழ்ந்து 2015ஆம் ஆண்டில் மறைந்த கலாவிநோதன் சின்னமணி அவர்களால் வில்லிசை யாழ்ப்பாணத்துக் கோயில் விழாக்களில் நன்கு வேரூன்றிய கலையாயிற்று. வில், குடம், உடுக்கு ஆகியவற்றைப் புகழ்வோர் பலர். பக்கப்பாட்டுக்காரர் கைக்கட்டையைக் கருதுவோர் சிலரே.

நல்ல கட்டையைத் தெரியுமாறு யாங்ஙனம்? மரம் நன்குலர்ந்து வைரம் பாய்ந்ததாதல் வேண்டும். ஈரமரம் மந்தமாகவே ஒலிக்கும். பனைவைரம் உறுதியுடையதேனும் சிராய் எழுந்து கையை வருத்தும். கருங்காலி போன்ற நெருங்கிய இழையுடைய மரமே சாலச் சிறந்தது. மோதும் முகம் சிறிது புடைத்திருப்பின் ஒலி கூர்மையாகும். கட்டைகளைத் தனித்தனியே தட்டிப் பாராது, இணையாகவே கையிலிட்டு ஒலித்துப் பார்த்தல் நன்று.

பிடியே கருவியின் உயிர். ஒரு கட்டை பெருவிரற் பக்கம் அசையாதிருக்க, மற்றையது ஏனை விரல்களால் இயங்கும். இறுகப் பற்றினால் ஒலி அடைபடும். மிக நெகிழ்ந்தால் தாளம் சிதறும். கதை உரையாக நடக்குங்கால் தாள இடத்தை மட்டும் தொட்டு, பாட்டு விரையுங்காற் செறிந்து ஒலிப்பதே முறை.

இக்காலத்து மேடைகள் பலவற்றில் தபேலாவும் மின்னிசைக் கருவிகளும் மிகுந்து, கட்டை ஒதுக்கப்படுகின்றது. இனிமை கூடிற்று என்பர் அவர் சார்பினர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும் வில்லிசை கச்சேரியன்று, கதையாகும். தோற்கருவியின் நாதம் நீண்டு சொல்லின்மேற் படரும். கட்டையின் ஒலியோ பிறந்தவுடன் மறைந்து அடுத்த சொல்லுக்கு வழிவிடும். அவ்வொலியின் வறுமையே அதன் சிறப்பு. காந்தியடிகள் வரலாற்றை வில்லிற் பாடிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) முதலியோர் இக்கலையை நாடியதும் சொல் மக்கள் செவியிற் சென்று தைத்தற்பொருட்டே என்க.

எனவே, கட்டையை நீக்குவோர் நீக்குவது ஓர் ஒலியை மட்டுமன்று; சொல்லுக்கு இடந்தரும் மௌனத்தையுமாம். வில்லிசை பயிலும் இளைஞர் முதலிற் கட்டையைக் கையிலெடுப்பாராக. தாளம் தவறாது அடங்கி ஒலிக்கக் கற்றவனே கதை சொல்லவும் தகுதியுடையவனாவான்.