முன்பக்கத்துத் தாய்மார்

மட்டக்குளி அடங்கிய கொழும்பு 15இல், எலி ஹவுஸ் வீதியிலிருந்து 1997இல் ‘தினக்குரல்’ வெளிவரத் தொடங்கியது. சற்றுத் தெற்கே, கிராண்ட்பாஸ் வீதியில், 1930இல் பிறந்த ‘வீரகேசரி’. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டல் வீதியில் சிங்கள ‘திவயின’வும் ஆங்கில ‘தி ஐலண்ட்’டும். மூன்று மொழிப் பத்திரிகைகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அடுத்த வீதிக்காரர் எழுதுவதை வாசிப்பவர் குறைவு.

2019 மே 23ஆம் திகதி ‘திவயின’வின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அந்தத் தாக்குதலோடு பேசப்பட்ட தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டதாக அன்று செய்தி வந்தது. மறுநாளே குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கைதானார். பெண்கள் நூற்றுக்கணக்கில் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. வைத்தியருக்கு ஜூலையில் பிணை கிடைத்தது. முந்தைய ஆண்டு அம்பாறையில் கடைச் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை என்று கிளம்பிய புரளியும் இதே வகைதான். ஆய்வுகூடத்தில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிவதற்குள் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தன.

பிள்ளை பெறுவது ஒருத்தியின் சொந்தக் காரியமாக இருந்தது போய், இனத்தின் தொகைக்கணக்கில் வரவும் செலவுமாகிவிட்டது.

இதற்கு வெகுகாலம் முன்பே, கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு தமிழ்ப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியிருந்தார். 1995இல் கொழும்பில் வெளியான கட்டுரையொன்றில், தமிழ்த் தேசியவாதம் பெண்ணை எப்படியெல்லாம் உருவாக்கியது என்று பார்த்தார். அதில் மையமாக நின்றவள் வீரத்தாய். தன் இனத்தின் எழுத்தையே சோதனைக்கு எடுக்க, அதுவும் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நெஞ்சுரம் வேண்டும். தெற்கில் மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் காணாமற்போனவர்களின் அன்னையர் முன்னணியை ஆராய்ந்தார். நெலூஃபர் டி மெல் 2007இல் யுத்தகாலத்து வெகுசன கலாசாரத்தைப் பற்றி நூல் எழுதினார். முஸ்லிம்களுக்கு எதிரான 2014 அளுத்கம கலவரம் குறித்த அறிக்கையைப் பர்சானா ஹனீபாவுடன் சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஹரிணி அமரசூரிய, பிற்பாடு பிரதமரானவர்.

பத்திரிகைகளுக்குள்ளேயே இருந்து எழுதிய பெண்களின் கதை வேறு. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் எழுதினார், ஆசிரியப் பொறுப்பும் பார்த்தார். தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டும் கட்டினார். ‘வீரகேசரி’யில் அன்னலட்சுமி இராஜதுரை பல பத்தாண்டுகள் உழைத்தார். 2021 ஜூனிலோ, செய்தி அறைக்குள் தாம் பட்ட பாலியல் தொல்லைகளைப் பெண் ஊடகவியலாளர்கள் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

பெண்ணையும் இனத்தையும் பற்றி மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. செல்வி திருச்சந்திரனின் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் ‘நிவேதினி’யைத் தமிழிலும் கொண்டுவந்தது பெரிய காரியம், ஆனாலும் ஒரு சஞ்சிகை எத்தனை பேரைச் சென்றடையும்? ‘மூன்று பிள்ளைகளின் தாய் சடலமாக மீட்பு’ என்று நாளாந்தம் தலைப்பிடும் தமிழ்ப் பத்திரிகைகள் 2019 ஏப்ரல் இறுதியில் முகத்திரைத் தடை வந்தபோது முஸ்லிம் பெண்ணை எப்படி எழுதின? அந்த வாரத்துப் பிரதிகளை எடுத்துப் புரட்ட ஒரு பட்டப்படிப்பு மாணவி போதும்.