வீடணன் எழுந்து நின்ற இடம்

கம்பன் விழா நடக்கும் ஊர்களிலெல்லாம் பட்டிமண்டபத்தில் ஒரு வழக்கு தவறாமல் எழும். செஞ்சோற்றுக் கடன் கழித்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறத்தின் பக்கம் சென்ற வீடணன் உயர்ந்தவனா என்பதே அது. நானும் இளமையில் கும்பகருணன் கட்சியில் பேசிக் கைதட்டு வாங்கியவன்தான். ஐம்பதைக் கடந்தபின் கும்பகருணன் வதைப் படலத்தை மீண்டும் படித்தேன். கவிஞன் தீர்ப்பே கூறாத இடத்தில் நாம் தீர்ப்பைத் தேடி வந்திருக்கிறோமோ என்ற ஐயம் எழுந்தது.

போர்க்களத்தில் தமையனைத் தேடி வருகிறான் வீடணன். தம்பி அடைக்கலம் புகுந்த இடத்தை விட்டு மீண்டுவிட்டானோ என்று அஞ்சுகிறான் கும்பகருணன். குலத்தில் ஒருவனாவது பிழைத்தான் என்று மகிழ்ந்திருந்தவன் அல்லவா அவன்! தம்பி வந்ததோ அவனை அழைத்துப் போக. இராமன் தனக்களித்த அரசையே அண்ணனுக்குத் தந்து ஏவல் செய்வதாகச் சொல்கிறான். கும்பகருணன் மறுக்கிறான். தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் போக அவனால் இயலாது. 'நீ போ, எங்களுக்கு இறுதிக் கடன் செய்ய நீயாவது இரு' என்பது அவன் விடை.

இதன்பின் வரும் பாடலைப் பேச்சாளர் பலர் தொடாமலே கடந்து விடுகின்றனர். வீடணன் வணங்குகிறான், முகம் வாடி, மனம் வாடி, உடல் ஒடுங்குகிறான். இன்னும் பேசிப் பிணங்குவதால் ஆவது ஒன்றுமில்லை, பெயர்ந்து செல்வதே செய்யத்தக்கது என்றெண்ணி எழுந்து நிற்கிறான். அரக்கர் சேனைக் கடல் முழுதும் அவனைக் கைகூப்புகிறது.

இவன் பேசத் தெரியாதவன் அல்லன். இராவணனைத் திருத்தவேண்டி இரணியன் கதையை ஒரு படலம் முழுதும் விரித்துரைத்தவன். வான்மீகத்தில் இல்லாத அப்படலத்தைக் கம்பர் அவன் வாயில் வைத்தார். மகன் நாவில் எந்தப் பெயர் வரவேண்டும் என்பதையும் தானே முடிவு செய்ய முயன்ற தந்தையின் கதை அது. (அதில் பிரகலாதனுக்குப் பாடம் சொல்லப் போய், நடுநடுங்கி அரசனிடம் ஓடும் ஆசிரியனைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், சற்றே வெட்கமும் வரும்.) அக்கதையால் இராவணன் திருந்தவில்லை. அங்கே கதையை நீட்டியவன் இங்கே பேச்சை நிறுத்துகிறான்.

சோர்ந்துபோய் நிறுத்தினான் என்பாரும் உளர். அவ்வாறு கொள்வதற்கில்லை. சொல்லக்கூடியன எல்லாம் சொல்லிப் பார்த்தேன் என்றே இராமனிடம் பின்னர் உரைக்கிறான். தமையன் எண்ணம் சரியென்றும் அவன் ஒப்பவில்லை. கும்பகருணனும் இராவணனிடம் இவ்வாறே நடந்துகொண்டான்: சீதையை விடு என்று இடித்துரைத்தான், ஏச்சுக் கேட்டான், பிழை பொறுக்க வேண்டி விடைபெற்றான்.

என் செய்தி ஒன்று சொல்லவேண்டும். ஜொகூரில் தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் நான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளி. என் தம்பி தன் மகளைச் சீனப்பள்ளியில் சேர்த்தான். ஈராண்டுகள் அவன் வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஓர் இரணியன் வதைப் படலமே நடத்தினேன். பிள்ளை பள்ளி மாறவில்லை. நான் படியேறினால் தம்பி கொல்லைப்புறமாக வெளியே போகத் தொடங்கினான். இவ்வாண்டுப் பொங்கலுக்குச் சென்றபோது அப்பேச்சை எடுக்கவில்லை. அவன் மூன்று முறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தான். அவன் செய்தது பிழை என்ற என் கருத்து மாறவில்லை.

மாறாத கருத்தோடு ஒருவரை விடுவது எளிதென்று கம்பர் எங்கும் காட்டவில்லை. தம்பி போவதைப் பார்த்து நின்ற கும்பகருணனுக்குக் கண்ணீர் வற்றிக் குருதியே ஒழுகுகிறது. ஆயினும் அவன் தம்பியைத் திரும்ப அழைக்கவில்லை.