பூப்போட்ட சேலை

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போய்வரும் நண்பர்கள் சாரலைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள். ஐந்தருவியைப் பற்றி இரண்டு வரி. பிறகு தவறாமல் ஒரு குறை வரும். "அருவிக்கரையில் நிற்கிற ஸ்திரீகளின் சேலையைப் பார்த்தீரா? கறுப்பிலும் கருநீலத்திலும் தாம்பாளம் தாம்பாளமாகப் பூ! ரஸனையே கிடையாது, ஸார்!"

இந்த விஷயத்தில் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு.

அருவியில் பெண்கள் சேலையோடுதான் குளிக்கிறார்கள். வெளிர் நிறத்து வெற்றுச் சேலை நனைந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. கருத்த துணியில் நெருக்கமாகப் பூ விழுந்திருந்தால், பார்க்கிறவன் கண் பூவோடு நின்றுவிடும். தென்காசிக் கடைத்தெருவில் ஓர் அம்மாள், "அண்ணாச்சி, நனைஞ்சா ஒட்டிக்கிடுமா?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். "ஒட்டினாலும் தெரியாதுக்கா, பூ அடர்த்தியில்லா" என்றார் கடைக்காரர். துணியைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. கடையம், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கோ காரணம் வேறு. நாள் முழுதும் மடியில் விழும் புகையிலைத் தூளும் கறையும் பூவுக்குள் ஒளிந்துகொள்ளும். வெற்றுத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாவலாசிரியர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. கதாநாயகிக்கு மயில்கழுத்து நிறம், ஜரிகை, முந்தானை என்று அரைப்பக்கம் செலவழிப்பார்கள். வேலைக்காரி வந்தால் 'அழுக்குச் சேலை' என்று இரண்டே வார்த்தை!

சரி, நாம் மெச்சிக்கொள்ளும் கட்டத்தின் யோக்கியதை என்ன? தறியில் கட்டம் போடுவது சுலபம். பாவில் வர்ண நூலை இடைவிட்டு ஓட்டி, ஊடையிலும் அதேபோல் வர்ணத்தை மாற்றினால் கட்டம் தானே விழும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். பூவை நெய்வது அப்படியல்ல. ஜக்கார்டு பெட்டி வேண்டும், அட்டையில் துளை குத்த வேண்டும், நாளும் பிடிக்கும். ஆகவே நெசவில் பூ பணக்காரருடைய சொத்தாகவும் கட்டம் ஏழையின் துணியாகவும் இருந்தன. துணியின்மேல் பூவை அச்சடிக்கும் யந்திரங்கள் பெருகியதும் பூ மலிந்தது. கைத்தறிக் கட்டத்துக்குக் கிராக்கி வந்தது. உடனே நம்முடைய உயர்ந்த ரஸனையும் மூட்டை கட்டிக்கொண்டு பூவின் வீட்டிலிருந்து கட்டத்தின் வீட்டுக்குக் குடிபோயிற்று.

நம் கைலிக்கு உறவான சென்னைக் கட்டத் துணி 1960-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. சலவைக்குச் சலவை சாயம் ஒழுகும் துணி அது. அந்தக் குறையையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்; வாங்கியவர்கள் சாயம் கலங்கியதைக் கண்டு மகிழ்ந்தார்கள். தென்காசியில் 'இங்கே சாயம் போகும் துணி கிடைக்கும்' என்று பலகை மாட்டிப் பாருங்கள்!

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. 1983-ல் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது. நல்ல காரியம், தறிகளுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் வெகுகாலம் அந்தச் சேலைகள் ஒரே சாயலில் வந்தன. உடுத்தியவள் தெருமுனை திரும்பும்போதே, இன்ன சேலை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மானத்தை மறைக்கக் கொடுத்த துணி அவள் வறுமையைத் தண்டோராப் போட்டது. பலர் அதைத் தொட்டிலாகக் கட்டினார்கள். பன்றி வராமல் வயலைச் சுற்றியும் கட்டினார்கள். "ஓசியில் கிடைத்ததன் அருமை தெரியவில்லை" என்று நம்மவர்கள் அதற்கும் கோபித்துக்கொண்டார்கள். அருமை தெரியாமலா? பண்டிகை நாளில் தன் ஏழ்மையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

2023 பொங்கலுக்குச் சேலையில் 15 வடிவமும் வேட்டியில் 5 வடிவமும் புதிதாக வகுத்துக் கொடுத்தார்கள். துணி மட்டும் போதாது, அதிலுள்ள கோலமும் வேண்டும் என்பது சர்க்கார் கணக்கில் ஏற நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது. அந்தப் பதினைந்தையும் மேஜைமேல் விரித்துப் போட்டு, "எது பிடிக்குதோ எடுத்துக்கிடுங்கக்கா" என்று சொல்லும் ரேஷன் கடையை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.